பழைய காரின் துருவை நீக்கும் முறை

2014-இல் உற்பத்தி நின்றுவிட்ட அம்பாஸிடர் கார்களைப் பேணுவோர்க்குத் துருவே பெரும் பகை. உப்புத்தாள் கொண்டு தேய்த்தால் துருவோடு நல்ல இரும்பும் தேய்ந்துபோகும். நமது சாயப்பட்டறைகள் நன்கறிந்த சோடா உப்பே இதற்குப் போதுமானது. விலையுயர்ந்த மருந்துகள் அவசியமில்லை என்பது என் அபிப்பிராயம்.

லிட்டர் தண்ணீருக்குச் சுமார் 10 கிராம் சோடாவைப் பிளாஸ்டிக் தொட்டியில் கரைக்கவும். கழற்றிய உறுப்பை 12 வோல்ட் பாட்டரி சார்ஜரின் எதிர்முனையிலும், பழைய இரும்புத் தகட்டை நேர்முனையிலும் இணைத்து, ஒன்றையொன்று தொடாதவாறு அமிழ்த்திய பின்னரே மின்சாரம் செலுத்த வேண்டும். முனைகள் மாறினால் உறுப்பே அரிக்கப்பட்டுவிடும்! தகட்டுக்கு எவர்சில்வர் கூடவே கூடாது. நச்சுக் குரோமியம் நீரில் கலக்கும். ஹைட்ரஜன் வாயு எழுவதால் திறந்த வெளியில், நெருப்பு அண்டாமல் செய்க. ஸ்பிரிங் போன்ற கடினமான எஃகு உறுப்புகளை இம்முறைக்கு உட்படுத்தலாகாது. ஹைட்ரஜன் உட்புகுந்து, ஓட்டத்தில் முறியக்கூடும்.

மறுநாள் சார்ஜரை நிறுத்தி, உறுப்பைக் கழுவி உலர்த்தி, தாமதியாது பிரைமர் பூசவும்; ஈர இரும்பில் புதுத்துரு விரைவில் படரும்.