மூன்றாகப் பிரியும் சாலை

போன வாரம் நார்த்தாமலையில் விசயாலய சோழீசுவரத்தோடு நிறுத்தியிருந்தேன். இந்த வாரம் புதுக்கோட்டை நகரிலிருந்து மேற்கே கிளம்புகிறோம். சித்தன்னவாசல், அன்னவாசல், குடுமியான்மலை, இலுப்பூர், கொடும்பாளூர். எல்லாம் சேர்த்து சுமார் ஐம்பது, அறுபது கிலோமீட்டர். பழகிய கால்களுக்கு அரை நாள் ஓட்டம்தான். ஆனாலும் ஒரு நாள் முழுவதையும் ஒதுக்கிக்கொண்டு வாருங்கள். விடிவதற்கு முன்பே புறப்பட்டுவிட வேண்டும். பத்து மணிக்கு மேல் இந்தப் பாறைகள் வாங்கிய வெயிலைத் திருப்பித் தர ஆரம்பித்துவிடும். மார்கழி, தை உத்தமம். ஆடியில் மேல்காற்று வழிநெடுகிலும் எதிரே வரும். ரோடு பைக்கின் மெல்லிய டயரைவிட 28, 32 மில்லிமீட்டர் டயர் இங்கே பாதுகாப்பு. சாலையோரம் சீமைக்கருவேல முள் கிடக்கும். மாற்று டியூப் இரண்டு இருக்கட்டும்.

பெரிய ஏற்றம் என்று இந்த வழியில் எதுவும் கிடையாது. சமதரையும் கிடையாது. சில நூறு மீட்டருக்குச் சாலை மெல்ல ஏறும். ஒரு கியர் இறக்கி மிதிக்க வேண்டியிருக்கும். மேட்டின் தலையில் செம்புறாங்கல் பூமி, முந்திரி, தைல மரம், நடுநடுவே மொட்டைப் பாறை. பிறகு இறக்கம். இறக்கத்தின் அடியில் ஒரு கண்மாய்க்கரை, கரைக்குக் கீழே வயல். வயலைத் தாண்டினால் மறுபடியும் மேடு. காரில் போகிறவருக்கு இந்த ஏற்ற இறக்கம் தெரிவதேயில்லை. மிதிக்கிறவரின் தொடை ஒவ்வொன்றையும் எண்ணிக்கொண்டே வரும்.

அந்த எண்ணிக்கையில்தான் இந்தச் சீமையின் சரித்திரம் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இங்கே இல்லை. வெள்ளாறு உண்டு, மழைக்காலம் போனால் மணல்தான். மேட்டில் விழுகிற மழையைப் பள்ளத்தில் கரை கட்டி மறித்தால்தான் பிழைப்பு. அதனால்தான் பள்ளத்துக்குப் பள்ளம் ஒரு கண்மாய். தண்ணீர் வற்றிய காலத்தில் கண்மாயின் உள்ளே பாருங்கள். இரண்டு கல்தூண்கள் நட்டு, குறுக்கே கல் பொருத்தியது ஒன்று தனியாக நிற்கும். அதுதான் குமிழித்தூம்பு. நீருக்குள் மூழ்கி அடைப்பைத் திறந்தால் கரைக்கு அடியில் ஓடும் மடை வழியாகத் தண்ணீர் வயலுக்குப் போகும். அந்தத் தூண்களில் பலவற்றில், தூம்பைச் செய்து வைத்தவர் பெயர் கல்வெட்டாக இருக்கிறது. பள்ளத்தில் கண்மாய், மேட்டில் பாறை, பாறையில் குகையோ கோயிலோ. சுற்றுலாப் புத்தகங்கள் இவற்றைத் தனித்தனியாகக் காட்டுகின்றன. சைக்கிளில் வந்தால் மூன்றும் ஒரே கதை என்பது விளங்கும்.

சித்தன்னவாசலில் எல்லோரும் நேரே ஓவியத்துக்குப் போகிறார்கள். அறிவர் கோயிலின் விதானத்தில் உள்ள தாமரைக் குளம் அதற்குத் தகுதியானதுதான்: மீன், வாத்து, யானை, எருமை, பூக்கொய்யும் மனிதர்கள். பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் காலத்தில், ஒன்பதாம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் இந்தக் குடைவரையைப் புதுப்பித்தார் என்கிறது அங்குள்ள கல்வெட்டு. இத்தனை கண்மாய்க்கரைகளைத் தாண்டி வந்தபின் அந்தக் குளத்தை அண்ணாந்து பார்க்கிறபோது, தூரிகை பிடித்தவருக்கு எருமை இறங்கிய குளம் கண்ணால் கண்ட சங்கதி என்பதில் எனக்குச் சந்தேகம் வரவில்லை.

நான் உங்களை ஏழடிப்பட்டத்துக்கும் ஏறச் சொல்வேன். பாறையில் வெட்டிய படிகளில் கால் வைத்துப் போனால் இயற்கைக் குகை ஒன்று, அதில் வழுவழுப்பாக இழைத்த 17 கற்படுக்கைகள். தலைமாட்டில் தலையணைபோல் கல்லிலேயே மேடு விட்டிருக்கிறார்கள். அவற்றில் பெரிய படுக்கையில் தமிழ் பிராமி எழுத்து இருக்கிறது. எருமிநாட்டுக் குமுழூரில் பிறந்த ஒருவருக்காக, சிறுபோசில் இளையர் செய்து கொடுத்த இருக்கை என்பது அதன் செய்தி. எருமிநாடு என்பது இன்றைய மைசூர்ப் பக்கம் என்பது அறிஞர்கள் கருத்து. அவ்வளவு தூரம் நடந்து வந்த ஒரு சமணத் துறவிக்கு உள்ளூர்க்காரர்கள் கல்லை இழைத்துப் படுக்கை போட்டிருக்கிறார்கள். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இங்கே நெடுந்தூர வழி ஒன்று இருந்தது என்பதற்கு இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்?

அன்னவாசலில் இட்லி சாப்பிட்டுவிட்டுத் தென்மேற்காகத் திரும்பினால் குடுமியான்மலை. குன்றின் அடியில் சிகாநாதர் கோயில், ஆளுயரச் சிற்பங்கள் நிறைந்த மண்டபங்கள். இவற்றுக்கெல்லாம் மூத்தது குன்றைக் குடைந்த மேலைக்கோயில். அதன் பக்கத்துப் பாறைச் சரிவில்தான் புகழ்பெற்ற இசைக் கல்வெட்டு. சுமார் ஏழாம் நூற்றாண்டின் பல்லவ கிரந்த எழுத்து. ஏழு பண்களுக்கான சுர வரிசைகள் பத்தி பத்தியாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. உருத்திராசாரியரின் மாணவனான ஓர் அரசன் மாணவர்களின் நலனுக்காகச் செய்தது என்று முடிகிறது. அரசனின் பெயர் அதில் இல்லை. மகேந்திரவர்மன் என்று பலர் சொல்வது ஊகம். பெயரைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அந்தக் கடைசிச் செய்தி. கற்றுக்கொள்ள வருகிறவன் பார்ப்பதற்காக ஒரு பாறையையே பாடப்புத்தகம் ஆக்கியிருக்கிறார்கள்.

இதே மாவட்டத்தில் இன்னொரு பாடம் சைக்கிளில் நடந்தது. 1991-ல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, எழுத்தறிவோடு பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டவும் கற்றுக்கொடுத்தார்கள். அன்றைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தின் முனைப்பு அது. பெண்கள் சைக்கிள் வாங்க வங்கிக் கடன் கிடைக்கவும் அவர் வழிசெய்தார். 1992 மகளிர் தினத்தன்று 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் மணியடித்துக்கொண்டு புதுக்கோட்டைத் தெருக்களில் ஊர்வலம் போனார்கள். சைக்கிள் கற்ற கிராமத்துப் பெண்களின் தொகை ஒரு லட்சத்தைத் தாண்டியது என்று எழுதினார் பத்திரிகையாளர் பி. சாய்நாத். அவருடைய அந்தக் கட்டுரை இந்தி வடிவில் எட்டாம் வகுப்புப் பாடப்புத்தகத்திலும் இடம்பெற்றது. நம் ஊர்ப் பெண்களைப் பற்றி வடநாட்டுப் பிள்ளைகள் படித்திருக்கிறார்கள்; நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் பலர் பார் வைத்த சைக்கிளையே வாங்கினார்கள். அதிலும் ஒரு வசதி இருந்தது: பிள்ளையைப் பாரில் உட்காரவைக்கலாம். பின்னால் கேரியரில் தண்ணீர்க் குடம், விளைபொருள். குடுமியான்மலைக் கல்குவாரியில் வேலை பார்த்த பெண்களும் கற்றுக்கொண்டவர்களில் உண்டு. பஸ் எட்டிப் பார்க்காத ஊரில், இந்த மேடு பள்ளங்களை ஒற்றைக் கியர் இரும்புச் சைக்கிளில், சேலையைச் செருகிக்கொண்டு, கேலிப் பேச்சையும் கேட்டுக்கொண்டு மிதித்திருக்கிறார்கள். நினைவிடங்களைத் தேடி இந்தச் சாலையில் வருகிற நாம், சாலையையே அவர்களுடைய நினைவிடமாக மதிக்க வேண்டும். குடுமியான்மலையில் தொல்லியல் துறை வைத்த பலகை இருக்கிறது. இந்தப் பெண்களுக்கும் இங்கே ஒரு கல் நட வேண்டும். அதை நான் மனப்பூர்வமாகக் கேட்கிறேன்.

இலுப்பூர் வரை பேச ஒன்றும் பெரிதாக இல்லை. வெயில் ஏறும் நேரம் அது. மோர் வாங்கிக் குடித்துவிட்டு மிதிக்க வேண்டியதுதான்.

கொடும்பாளூர், கோனாட்டின் தலைநகர், இருக்குவேளிர் என்ற குறுநில மன்னர் குலத்தின் ஊர். வானதி பிறந்த ஊர் என்றால் கல்கியின் வாசகர்களுக்கு உடனே தெரியும். அந்தக் குலத்துப் பூதி விக்கிரமகேசரி தன் பெயரிலும், கற்றளி, வரகுணை என்ற இரு தேவியர் பெயரிலும் எடுத்த மூன்று விமானங்களே மூவர் கோயில். இரண்டு நிற்கின்றன, மூன்றாவதற்கு அடித்தளம் மட்டும் மிச்சம். மேற்குப் பார்த்த சந்நிதிகள். மாலையில் வெயில் நேரே விழும்போது சிற்பங்கள் துலங்கும்.

கோயிலுக்கு முந்தியே இந்த ஊர் ஒரு சாலைச் சந்திப்பு. சிலப்பதிகாரத்தில் உறையூரைக் கடந்து வரும் கோவலனுக்கு மாங்காட்டு மறையோன் வழி சொல்கிறான்: கொடும்பையின் நெடுங்குளக் கரையை அடைந்தால், மதுரைக்குப் போகும் வழி சிவனின் சூலம்போல மூன்றாகப் பிரியும். வலப்பக்க வழி சிறுமலைப் பக்கம், இடப்பக்க வழி அழகர்மலைப் பக்கம், நடுவழி ஊர்களும் காடும் கலந்தது. கோவலன், கண்ணகி, கவுந்தியடிகள் மூவரும் நடுவழியில் போகிறார்கள். கவுந்தி சமணத் துறவி. சித்தன்னவாசல் கற்படுக்கையை நினைத்துக்கொள்ளுங்கள். வழி சொன்னவன் முதலில் ஒரு குளத்தைத்தான் அடையாளம் காட்டுகிறான் என்பதையும் கவனியுங்கள். இந்தச் சீமையில் இன்றும் அப்படித்தான் வழி சொல்கிறார்கள்.

இப்போது திருச்சி–மதுரை நான்குவழிச் சாலை ஊரை ஒட்டிப் பாய்கிறது. துவரங்குறிச்சி, மேலூர் வழியாக மதுரை. வழவழப்பான சாலை, ஆனால் லாரிகளின் காற்று சைக்கிளை ஆட்டும். வேகத்துக்காக அதில் ஏறும் நண்பர்களை நான் தடுத்தே வந்திருக்கிறேன். வந்த வழியிலேயே இலுப்பூர் திரும்புங்கள். ஆடி மாதமாக இருந்தால் காலையில் எதிர்த்த காற்று இப்போது முதுகில் இருக்கும். அடுத்த வாரம் வெள்ளாற்றைக் கடந்து தெற்கே, கிழவன் சேதுபதி கட்டிய திருமயம் கோட்டைக்குப் போவோம்.

(தொடரும்)