படத்துள் அடைபட்ட தமிழ்

பேராக் மாநிலத்தின் இரப்பர்த் தோட்டங்கள் பல, இன்று செம்பனைத் தோட்டங்களாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. ஆயினும், தோட்டத்தின் பெயரைத் தாங்கிய தமிழ்ப்பள்ளிகள் சில இன்றும் நடைபெறுகின்றன. அவற்றுக்குப் பிள்ளைகளை அனுப்பும் குடும்பங்களோ ஈப்போவின் புறநகர்களிலும் பிற ஊர்களிலும் பிரிந்து வாழ்கின்றன. முன்பு பெரட்டுக் களத்தில் வாய்மொழியாகப் பரவிய செய்தி, இக்காலத்தில் இணையத்தளத்தின் வழியே செல்ல வேண்டியுள்ளது.

அச்செய்தி பெரும்பாலும் வண்ணப் படமாகவே வெளியிடப்படுகிறது. முதலாம் ஆண்டுப் பதிவுக்குரிய நாள், இடம், கொண்டுவர வேண்டிய ஆவணங்கள் யாவும் அப்படத்துள் அடங்கியிருக்கும். கைப்பேசித் தரவைச் சிக்கனப்படுத்தப் படங்களை முடக்கி வைத்திருக்கும் தாய்க்கு அங்கே தெரிவது வெறுங்கட்டம். திரைவாசிப்பான் வழியே கேட்டறியும் பார்வையற்ற தந்தைக்கு அதுவுமில்லை. கோப்பின் பெயராக அமைந்த எண்கள் சில ஒலித்து ஓயும்.

தமிழுக்கு இப்பழக்கம் வந்ததற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. எழுத்துருக்கள் ஒன்றோடொன்று ஒவ்வாதிருந்த காலத்தில், தமிழைப் பிழையின்றிக் காட்டப் படமே எளிய வழியாக இருந்தது. யூனிகோடு 1991-இல் தன் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடமளித்தது. எனினும் அது நம் கணினிகளில் வேரூன்றப் பல்லாண்டுகள் பிடித்தன. மலேசியாவில் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு போன்ற மென்பொருள்களும், 2001-இல் கோலாலம்பூரில் நடைபெற்றது உள்ளிட்ட தமிழ் இணைய மாநாடுகளும் அவ்வழியைச் செப்பனிட்டன. இத்தனை உழைப்பால் எழுத்தான தமிழை மீண்டும் படமாக்குவது பெரும் வீண்.

படத்திலுள்ள எழுத்தைக் கணினியே படித்துவிடாதா எனச் சிலர் வினவலாம். ஓரளவு படிக்கும். ஆனால் அலங்கார எழுத்தில் ஒரு புள்ளி மறைந்தால் மெய் உயிர்மெய்யாகிவிடும். துணைக்காலும் ரகரமும் மயங்கும். பதிவு நாளை அத்தகைய ஊகத்திடம் ஒப்படைப்பது முறையன்று.

எனவே அறிவிப்பைப் பக்கத்திலேயே எழுத்தாகத் தட்டச்சிடுக. படம் அதற்குத் துணையாக நிற்கட்டும். படங்களுக்கு 'ஆல்ட்' என்னும் பண்பில் மாற்றுரை எழுதும் ஏற்பாடு எச்.டி.எம்.எல். மொழியில் தொடக்க காலந்தொட்டே உள்ளது. 1999-இல் வெளிவந்த இணைய அணுகல் வழிகாட்டியின் முதல் நெறியும் இதையே வலியுறுத்தியது. மாற்றுரை படத்தின் தோற்றத்தை வருணிப்பதைவிட, அதன் பணியைச் செய்ய வேண்டும். பள்ளிச் சின்னத்திற்குப் பள்ளியின் பெயர் போதும். பதிவுப் படிவத்திற்கு இட்டுச்செல்லும் படத்திற்குப் 'பென்சில் படம்' என்று எழுதுவதால் பயனில்லை. 'பதிவுப் படிவம்' என்பதே வேண்டும். வெறும் பூவேலைப்பாட்டிற்கு மாற்றுரையை வெறுமையாக விடுக. ஆனால் பண்பையே நீக்கிவிடலாகாது, நீக்கினால் கோப்பின் பெயர் ஒலிக்கக்கூடும். பக்கத்தின் மொழி தமிழ் என நிரலில் குறிப்பதும் இன்றியமையாதது. அக்குறிப்பைக் கொண்டே திரைவாசிப்பான் தமிழ்க் குரலுக்கு மாறுகிறது.

மாணவர்கள் இதனை வகுப்பிலேயே சோதிக்கலாம். உலாவியின் அமைப்பில் படங்களை முடக்கிவிட்டுத் தம் பள்ளியின் இணையத்தளத்தைத் திறந்து, அடுத்த பெற்றோர் கூட்டம் எந்நாளில் என்று கண்டுபிடிக்க முயலட்டும்.