நெஞ்சையே ஏடாக்கிய சுக்ரி அஜ்ஜி

பள்ளிக்கூட வாசலை மிதிக்காத ஒரு மூதாட்டிக்குப் பல்கலைக்கழகம் விருது கொடுத்துப் பெருமைப்பட்டது என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா? அவர்தான் சுக்ரி பொம்மகவுடா. கர்நாடகத்தின் வட கன்னட மாவட்டம், அங்கோலா தாலுகா, படிகேரி கிராமத்தைச் சேர்ந்தவர். ஹாலக்கி ஒக்கலிகர் என்னும் உழைக்கும் மலைக்குடி மக்களில் ஒருவர்.

கழுத்து நிறைய மணிமாலைகளும், ரவிக்கை இல்லாமல் தோளில் முடிந்த சேலையுமே அவருடைய கோலம். நாற்று நடும்போதும், அறுவடையின்போதும், கல்யாண வீட்டிலும் பாடும் பாட்டுகளைத் தாயிடம் கேட்டுக் கற்றார். ஏறத்தாழ ஐயாயிரம் பாட்டுகள் அவர் நினைவில் இருந்தன என்பார்கள். எழுதி வைத்த ஏடு ஏதுமில்லை, நெஞ்சே ஏடு. 'ஹாலக்கிகளின் குயில்' என்று நாடு அவரைப் போற்றியது. கார்வார் வானொலி அவர் பாட்டுகளைப் பதிவு செய்தது.

பாட்டில் இனிமை இருந்த அளவுக்கு வாழ்க்கையில் இல்லை. பதினாறு வயதில், தம்மைவிட மிகவும் மூத்தவருக்கு வாழ்க்கைப்பட்டார். பெற்ற பிள்ளைகள் தங்கவில்லை. கணவரைக் குடி கொண்டு போயிற்று. எடுத்து வளர்த்த மகனையும் அதே குடி விடவில்லை.

வேறொருவராக இருந்தால் மூலையில் முடங்கியிருப்பார். சுக்ரி அம்மையாரோ ஊர்ப் பெண்களைத் திரட்டிச் சாராயத்தை எதிர்த்து நின்றார். 'என் வீட்டில் எரிந்த நெருப்பு அடுத்த வீட்டுக்குப் பரவக் கூடாது' என்ற எண்ணமே அதற்குக் காரணமாக இருந்திருக்க வேண்டும். கர்நாடக அரசு 2007இல் சாராய விற்பனையைத் தடை செய்தது. ஆனால் பாட்டில் மதுவுக்குத் தடையில்லை. வாரக்கூலி வீடு வந்து சேராத குடும்பங்களுக்கு அதன் பொருள் நன்றாகவே தெரியும்.

ஹம்பி கன்னடப் பல்கலைக்கழகத்தின் நாடோஜா விருதும், 2017இல் பத்மஸ்ரீ விருதும் அவரைத் தேடி வந்தன. விருதுகள் வந்த பிறகும் அவர் படிகேரியை விட்டுப் போகவில்லை. தம் மக்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று அமைச்சர்களிடம் கேட்டு வந்தார். 2025 பிப்ரவரி 13ஆம் நாள், 88ஆம் வயதில் அங்கேயே காலமானார். எழுதாத பாட்டு, பாடுகிறவர் மறைந்தால் அவரோடு போய்விடும். பதிவானதும், அவரிடம் கேட்டுக் கற்றவர் நாவில் நிற்பதுமே இன்று மிச்சம்.

அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் குடியிருக்கும் நம் வீடுகளிலும் தாலாட்டும் நடவுப் பாட்டும் அறிந்த பாட்டிமார் இருக்கிறார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர்களைப் பாடச் சொல்லி ஒரு நோட்டில் எழுதி வைத்தால் என்ன?