மேவிபோசேத்தின் வழக்கு: மாற்றுத் திறனாளிகளும் பொதுவாழ்வில் பிரதிநிதித்துவமும்

மாற்றுத் திறனாளிகளை நினைவுகூரும் ஞாயிறுகளில் நம் சபைகளில் மிகுதியும் எடுத்துரைக்கப்படும் வேதபகுதி 2 சாமுவேல் 9-ஆம் அதிகாரமாகும். யோனத்தானின் மகன் மேவிபோசேத் இரு கால்களும் முடமானவன். லோதேபாரில் பிறர் வீட்டில் ஒதுங்கியிருந்த அவனைத் தாவீது அழைப்பித்து, சவுலின் நிலங்களைத் திரும்பக் கொடுத்து, அரச பந்தியில் அமர்த்துகிறான். உடன்படிக்கை அன்புக்கு இதனினும் சிறந்த சான்று உண்டோ என்று கூறி நாம் பிரசங்கத்தை முடித்துவிடுகிறோம். கதை அங்கே முடியவில்லை.

அப்சலோமின் கலகத்தின்போது தாவீது எருசலேமைவிட்டு ஓடுகிறான். வழியில் மேவிபோசேத்தின் ஊழியக்காரனாகிய சீபா கழுதைகளோடும் அப்பங்களோடும் வந்து, தன் எஜமான் அரசுரிமையை எதிர்பார்த்து நகரத்திலேயே தங்கிவிட்டான் என்கிறான். அரசன் விசாரணையின்றி நிலம் முழுவதையும் சீபாவுக்குக் கொடுத்துவிடுகிறான் (16:1-4). அரசன் திரும்பி வரும்போது மேவிபோசேத் எதிர்கொண்டு வருகிறான். காலைப் பேணாமலும் தாடியைத் திருத்தாமலும் ஆடையை வெளுக்காமலும் இருந்தவனாக அவனைக் காண்கிறோம். தான் முடவனாகையால் கழுதைக்குச் சேணம் கட்டி உடன்வர எண்ணியதாகவும், ஊழியக்காரன் தன்னை வஞ்சித்ததாகவும் அவன் முறையிடுகிறான். அரசனோ பேச்சை வளர்க்க விரும்பாமல் நிலத்தைப் பாதியாகப் பங்கிட்டுக்கொள்ளச் சொல்லிவிடுகிறான் (19:24-30).

இருவருள் உண்மை உரைத்தவன் எவன் என்பதில் வேத விளக்கவுரையாளரிடையே ஒருமித்த கருத்தில்லை. அந்த வினாவை ஈண்டு நாம் தீர்க்க வேண்டியதில்லை. நாம் நோக்க வேண்டுவது வழக்கு நடந்த முறையையே. பந்தியில் நாள்தோறும் இடம்பெற்ற ஒருவனுடைய நிலத்தைக் குறித்து முடிவெடுத்தபோது அவன் அங்கு இல்லை. அவன் சார்பாகப் பேசியவன் அவனால் ஆதாயம் அடையக்கூடியவன். 9-ஆம் அதிகாரத்தில் மேவிபோசேத் இருமுறையே வாய் திறக்கிறான். இருமுறையும் தன்னைத் தாழ்த்திக்கொள்ளவே திறக்கிறான். தன் வழக்கைத் தானே உரைப்பது 19-ஆம் அதிகாரத்தில்தான். நாமோ அதைப் பிரசங்கிப்பதில்லை.

நம் நாட்டின் பொதுவாழ்வில் மாற்றுத் திறனாளிகள் நிற்கும் இடமும் ஏறத்தாழ இதுவே. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இந்தியாவில் அவர்களை 2.68 கோடி என்று கணக்கிட்டது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசுப் பணிகளில் 4 விழுக்காடு இடங்களை ஒதுக்குகிறது. வாக்குச்சாவடிகள் அவர்கள் எளிதில் அணுகத்தக்கவையாக இருக்கவேண்டும் என்றும் விதிக்கிறது. வாக்குப்பதிவு இயந்திரத்தில் பிரெய்ல் எழுத்துகளும் சாய்தளப் பாதைகளும் வந்துள்ளன. 2024 மக்களவைத் தேர்தலில் குறைபாடு 40 விழுக்காட்டிற்குக் குறையாதோர் வீட்டிலிருந்தே வாக்களிக்கவும் வழிசெய்யப்பட்டது. இவை யாவும் நன்றியோடு ஏற்கத்தக்கவை. ஆயினும் இவை அவர்களை வாக்காளராக்குகின்றனவேயன்றி உறுப்பினராக்கவில்லை. பார்வையற்றவரான சாதன் குப்தா 1953-இல் கல்கத்தாவிலிருந்து இடைத்தேர்தலில் மக்களவைக்குச் சென்றார். பிற்காலத்தில் மேற்கு வங்கத்தின் அட்வகேட் ஜெனரலாகவும் விளங்கினார். போலியோவால் பாதிக்கப்பட்டு ஊன்றுகோலோடு நடந்த ஜெய்பால் ரெட்டி மத்திய அமைச்சராயிருந்தார். இத்தகையோரை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

உறுப்பினராவதைச் சட்டமே தடுத்த நிலையும் உண்டு. தொழுநோயாளர் நகராட்சி மன்றத்தில் இடம்பெறலாகாது என்ற விதி 1950-ஆம் ஆண்டின் ஒரிசா நகராட்சிச் சட்டத்தில் இருந்தது. அவ்விதியின்படி, மக்கள் தேர்ந்தெடுத்த ஒருவர் பதவியிழந்தார். உச்ச நீதிமன்றம் 2008-இல் அது செல்லும் என்றே தீர்ப்பளித்தது. கூட்டு மருந்துச் சிகிச்சையால் தொழுநோய் முற்றிலும் குணமாகக்கூடியது என்று உலகறிந்து கால் நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருந்த காலம் அது! விதியை மறுபரிசீலனை செய்வது சட்டமன்றங்களின் பொறுப்பு என நீதிபதிகள் விட்டுவிட்டனர். தொழுநோயாளருக்கு மருத்துவமனைகளைக் கட்டியெழுப்பிய பெருமை இந்தியத் திருச்சபைக்கு உண்டு. அவர்களுக்காக நாம் அழுத அளவுக்கு அவர்களுடைய வேட்புமனுவைக் குறித்துக் கவலைப்பட்டோமா என்பதை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

வேறு வழி கண்ட நாடு ஒன்றுண்டு. 1995-இல் உகாண்டா இயற்றிய அரசியல் சாசனம் பாராளுமன்றத்தில் மாற்றுத் திறனாளிகளின் பிரதிநிதிகளுக்கு இடமளித்தது. 1996 தேர்தலில் ஐவர் அவ்வாறு உறுப்பினராயினர். அவர்களுள் ஒருவரான அலெக்ஸ் ந்தீசி காது கேளாதவர். சைகைமொழி வாயிலாக அவையில் பங்கேற்றார். 1997-ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம் உள்ளாட்சி மன்றங்களிலும் மாற்றுத் திறனாளிகளுள் ஆணொருவருக்கும் பெண்ணொருவருக்கும் இடம் வகுத்தது. இவர்களை மாற்றுத் திறனாளிகளின் வாக்காளர் குழுவே தேர்ந்தெடுப்பதால், தம்மவர்க்குக் கணக்குக் கொடுக்கும் கடமை இவர்களுக்கு உண்டு. குறைகளும் இல்லாமலில்லை. ஒதுக்கப்பட்ட இடம் இருக்கிறதே என்று கட்சிகள் பொதுத்தொகுதிகளில் இவர்களை நிறுத்தாமலிருக்க அது சாக்காகக்கூடும். சிறிய வாக்காளர் குழுவை ஆளுங்கட்சி வளைப்பதும் எளிது. எனினும், பேசும் உரிமையோடு வாக்களிக்கும் உரிமையும் அங்குச் சேர்ந்தே கிடைத்தது.

தமிழ்நாட்டில் 2025 ஏப்ரலில் சட்டமன்றம் உள்ளாட்சிச் சட்டங்களைத் திருத்தி, நகர்ப்புற, ஊரக மன்றங்களில் மாற்றுத் திறனாளிகளை நியமிக்க வழிசெய்தது. அதுகாறும் நகர்ப்புற உள்ளாட்சிகள் அனைத்திலும் அவர்களில் 35 பேரே உறுப்பினராயிருந்தனர் என்றும், இனி ஏறத்தாழ 650 பேர் இடம்பெறுவர் என்றும் அரசு அறிவித்தது. ஊராட்சிகளையும் சேர்த்தால் இத்தொகை பன்னிரண்டாயிரத்தைத் தாண்டும். இது பெரியதோர் அடி என்பதில் நமக்கு ஐயமில்லை. ஊர்க் குளத்தங்கரையில் படிக்கட்டு அமைப்பதா சாய்தளம் அமைப்பதா என்ற பேச்சில், சக்கர நாற்காலியில் வருபவர் ஒருவர் உடனிருந்தால் பேச்சின் போக்கே மாறும். ஆனால் நியமனம் தேர்தலன்று. நகர்மன்றத்தில் நிர்வாக அனுபவத்தின் பேரில் நியமிக்கப்படுவோர்க்கு வாக்குரிமை இல்லை என்று அரசியல் சாசனத்தின் 243-ஆர் பிரிவே கூறுகிறது. நியமிப்பவரைப் பகைத்துக்கொண்டு பேசுவதும் யாருக்கும் எளிதன்று. பந்தியில் இடம் கிடைத்துவிட்டது. நிலத்தைப் பற்றிய தீர்ப்பில் இடம் இன்னும் கிடைக்கவில்லை.

அரசைக் குறித்து இவ்வளவு எழுதும் நாம் நம் வீட்டையும் நோக்க வேண்டாமா? பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே பாளையங்கோட்டையில் பார்வையற்றோர்க்கும் காது கேளாதோர்க்கும் மிஷனெரிகள் பள்ளி நிறுவினர். அப்பள்ளிகளில் பயின்றோர் இன்று எத்தனை சேகரக் குழுக்களில் அமர்ந்திருக்கின்றனர்? பழுதுள்ளவன் பலிபீடத்தண்டை சேரலாகாது என்ற லேவியராகமம் 21-ஆம் அதிகாரத்தை நாம் கிறிஸ்துவில் நிறைவேறிய சடங்குமுறையாகவே விளக்குகிறோம். குருத்துவப் பணிக்கு வருவோரிடம் மருத்துவச் சான்றிதழைக் கேட்டு வாங்கும்போது அவ்விளக்கத்தை நினைப்பதில்லை. குழுக்கூட்டம் மாடியறையில் நடைபெறுகிறது. கையுயர்த்தி வாக்கெடுக்கிறோம், எத்தனை கைகள் உயர்ந்தன என்பதைப் பார்வையற்ற உறுப்பினருக்கு எவரும் சொல்வதில்லை. காது கேளாதோர்க்கெனத் தனி ஆராதனை நடத்தும் சபைகளிலும், சபையின் பொதுக்கூட்டத்தில் சைகைமொழியாளரைக் காண்பது அரிது.

வாக்காளர் பட்டியலைக் குறித்து ஒரு சொல். பல திருமண்டலங்களில் சங்கக் காணிக்கை செலுத்தி, ஆலயத்தில் நற்கருணையில் பங்குபெற்றோர் பெயர்களே பட்டியலில் சேர்கின்றன. படுக்கையோடிருப்பவர்க்கு ஆயர் வீட்டிற்குச் சென்று நற்கருணை வழங்குகிறார். அது ஆலயப் பதிவேட்டில் ஏறுகிறதா என்பதைப் பொறுத்தே அவர் வாக்காளராவதும் ஆகாததும் அமைகின்றன. அடுத்த தேர்தலுக்குப் பட்டியல் ஒட்டப்படும் நாளில், வீட்டில் நற்கருணை பெறுவோரின் பெயர்கள் அதில் உள்ளனவா என்று ஆயர்கள் தாமே ஒருமுறை சரிபார்ப்பார்களாக. இல்லையெனில், ஆட்சேபணைக்குரிய நாள்கள் கடப்பதற்கு முன்னரே அவர்களிடம் சென்று தெரிவிப்பதும், மனுவை அவர்களே எழுதிக் கையொப்பமிட வாய்ப்பளிப்பதும் ஆயர்பணியைச் சேர்ந்ததே.