மைக்கிலிருந்து கணினிக்கு

போன குளிர்காலத்தில் எங்கள் டூட்டிங் இலக்கியக் கூட்டத்தில் எண்பது வயதைத் தாண்டிய ஓர் எழுத்தாளர் தன் முதல் கதைகளைப் பற்றி ஒன்றரை மணிநேரம் பேசினார். மிட்சம் சாலைக்குப் பக்கத்தில் ஒரு தேவாலயக் கூடம். அங்கே இருபத்தைந்து பேர், ஜூமில் நாற்பது பேர். ஒலிக்குப் பொறுப்பு நான். மேசைமேல் லேப்டாப்பைத் திறந்து வைத்ததோடு என் வேலை முடிந்தது என்று நினைத்துவிட்டேன்.

உரையை எழுத்தில் கொண்டுவர உட்கார்ந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. ஹீட்டரின் இரைச்சல், நாற்காலி இழுபடும் சத்தம், டீக்கோப்பைகள். இவற்றுக்குப் பின்னால், கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல ஐயாவின் குரல். பக்கத்துக்கு நாலைந்து இடத்தில் ‘தெளிவில்லை’ என்று குறித்து அவருக்கே அனுப்பினேன். “அங்கே என்ன சொன்னேன் என்று எனக்கே நினைவில்லையே அம்மா” என்றார். உரையில் பாதி அப்படியே போய்விட்டது.

நான் டிப்ளமோ படித்த செவிலியர். மின்னணுவியல் தெரியாது. அதன்பிறகு இரவுப்பணி இல்லாத நாட்களில் படித்தும், இரவல் கருவிகளை மாட்டிப் பார்த்தும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். இதேபோலக் கூட்டம் நடத்துகிறவர்களுக்கு உதவக்கூடும்.

மூன்று பாதைகள்

கடைக்குப் போகும் முன் ஒரு தாளில் படம் வரையுங்கள். நேரலைக் கூட்டத்தில் இரண்டு அறைகள் உண்டு: நாம் இருக்கும் கூடம், கணினிக்கு அந்தப்பக்கம் இருப்பவர்களின் அறை. ஒலி மூன்று பாதைகளில் போகவேண்டும். பேச்சாளரின் மைக்கிலிருந்து கூடத்து ஸ்பீக்கருக்கு ஒன்று. அதே மைக்கிலிருந்து கணினிக்கு ஒன்று. ஜூமில் கேள்வி கேட்பவரின் குரல் கணினியிலிருந்து கூடத்து ஸ்பீக்கருக்கு வருவது மூன்றாவது. இந்த மூன்றாவது குரல் திரும்பவும் கணினிக்குள் போய்விடக் கூடாது. போனால் கேட்டவருக்குத் தன் குரலே எதிரொலியாக வந்து பேச்சே தடுமாறிவிடும். எந்தக் கருவி வாங்கினாலும் இந்த மூன்று பாதைகளும் அதில் அமைகின்றனவா என்று பாருங்கள்.

மைக்

சிறுவயதில் எங்கள் வீட்டில் சிற்றலையில் லண்டன் தமிழோசை கேட்போம். 1941 முதல் 2017 வரை வானொலியாக ஒலித்த பிபிசியின் தமிழ்ச்சேவை அது. அலை ஏறி இறங்கினாலும் சொல் புரியும். அமைதியான அறையில், வாய்க்கு அருகில் மைக்கை வைத்துப் பேசியதும் அதற்கு ஒரு காரணம் என்று இப்போது புரிகிறது. திறந்த வெளியில், மைக்குக்கும் வாய்க்கும் உள்ள தூரம் இரட்டிப்பானால் குரல் 6 டெசிபல் குறையும். ஹீட்டரின் சத்தமோ குறைவதில்லை. விலை உயர்ந்த மைக் ஒரு மீட்டர் தள்ளி இருப்பதைவிடச் சாதாரண மைக் ஒரு சாண் தூரத்தில் இருப்பது மேல்.

மைக்கில் முக்கியமாக இரண்டு வகை. கண்டென்சர் மைக் நுட்பமானது, மெல்லிய ஒலியையும் எடுக்கும். அது வேலைசெய்யக் கருவியிலிருந்து 48 வோல்ட் மின்சாரம் தரவேண்டும். டைனமிக் மைக்குக்கு அது வேண்டாம்; முரட்டுத்தனமாகக் கையாண்டாலும் தாங்கும். ஆட்கள் நிறைந்த கூடத்துக்கு டைனமிக்தான் ஏற்றது. 1966 முதல் விற்பனையில் இருக்கும் ஷூர் எஸ்எம்58 இந்த வகை. முன்பக்கத்துக் குரலை நன்றாக எடுத்து, பின்பக்கத்து ஒலியைக் குறைத்துக்கொள்ளும். அதனால் ஸ்பீக்கர்களைப் பேச்சாளருக்கு முன்னால், சபையைப் பார்த்து வையுங்கள். மைக்குக்குப் பின்னாலுள்ள ஸ்பீக்கர்தான் ஊரில் மைக்செட்டுக்காரரை ஓடவைக்கும் அந்த ஊளைச் சத்தத்தைக் குறைக்கும்.

கேபிள்

மூன்று ஊசியுள்ள எக்ஸ்எல்ஆர் கேபிளையே வாங்குங்கள். அதில் ஒரே குரல் நேராக ஒரு கம்பியிலும் தலைகீழாக இன்னொன்றிலும் போகிறது. வழியில் சேரும் இரைச்சல் இரண்டிலும் ஒரேபோல ஏறும். மறுமுனையில் ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிக்கும்போது இரைச்சல் நீங்கிக் குரல் நிற்கும்.

லேப்டாப்பின் சிறிய ஓட்டையில் மைக்கை நேராகச் செருகுவது நான் செய்த இரண்டாவது தவறு. அது பெரும்பாலும் ஹெட்செட்டுக்கானது; செருகியில் மூன்று கறுப்பு வளையங்கள் இருக்கவேண்டும். தவிர, மைக்கிலிருந்து வருவது மில்லிவோல்ட் அளவிலான சமிக்ஞை. அதைச் சுத்தமாகப் பெருக்கிய பிறகே கணினிக்குக் கொடுக்கவேண்டும்.

இன்டர்ஃபேஸா, மிக்ஸரா?

அந்தப் பெருக்கும் வேலையைச் செய்து, குரலை எண்களாக மாற்றி யுஎஸ்பி வழியாக அனுப்புவது ஆடியோ இன்டர்ஃபேஸ். லண்டனுக்கு வெளியே ஹை விக்கம்பில் இயங்கும் ஃபோகஸ்ரைட்டின் ஸ்கார்லெட் வரிசை இதற்குப் பெயர்பெற்றது. வீட்டிலிருந்து ஒருவர் பேச இது போதும்.

கூடத்தில் ஸ்பீக்கரும் இரண்டு மைக்கும் இருந்தால் யுஎஸ்பி உள்ள மிக்ஸர் வசதி. ஆனால் பல மிக்ஸர்கள் மொத்தக் கலவையையும் கணினிக்கு அனுப்பிவிடும். கணினியிலிருந்து வந்த குரலும் அதில் அடக்கம். நாங்கள் வாங்கிய யமஹா ஏஜி06-இல் இதற்கென்றே ஒரு சுவிட்ச் உண்டு. ‘இன்புட் மிக்ஸ்’ என்ற இடத்தில் வைத்தால் மைக்குகள் மட்டும் கணினிக்குப் போகும். ‘லூப்பேக்’கில் வைத்தால் எல்லாமே போகும். முதல் கூட்டத்தில் நான் லூப்பேக்கில் வைத்து, நாற்பது பேருக்கும் அவரவர் குரலையே திருப்பிக் கொடுத்தேன்.

ஸ்பீக்கர் வாங்கும்போது ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் அதையும் தனியாக வாங்கவேண்டும்.

அளவு

பேச்சாளர் உரக்கப் பேசும் இடத்தில் அளவுமானி கழித்தல் 12 டெசிபலைத் தொட்டால் போதும். பூஜ்யத்தைத் தாண்டி உடைந்த குரலைப் பிறகு சரிசெய்வது கடினம். ஜூமில் மைக், ஸ்பீக்கர் இரண்டுக்கும் உங்கள் கருவியையே தேர்ந்தெடுத்து, ஒலியளவைத் தானாக மாற்றும் வசதியை நிறுத்துங்கள். ஜூமை மட்டும் நம்பாமல் மிக்ஸரிலிருந்து தனியாகவும் ஒரு பதிவு எடுங்கள்.

ஸ்பீக்கரில் ‘ம்ம்ம்’ என்று 50 ஹெர்ட்ஸ் முனகல் கேட்டால் லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால், பிரச்சினை தரையிணைப்பில். அதற்கென்று விற்கும் தனிமைப்படுத்தும் டிரான்ஸ்ஃபார்மரை ஒலிக்கேபிளின் நடுவில் மாட்டலாம். பிளக்கின் எர்த் கம்பியை மட்டும் ஒருபோதும் துண்டிக்காதீர்கள். மின்சாரம் தாக்கினால் அது உயிரைக் காக்கும் கம்பி.

காதுச் சின்னம்

எங்கள் கூட்டத்துக்குத் தவறாமல் வரும் ஓர் அம்மா என்.எச்.எஸ். தந்த காதுக்கருவி அணிந்திருப்பார். எப்போதும் புன்னகையோடு முன்வரிசையில் இருப்பார். ஒரு கேள்வியும் கேட்டதில்லை. கூடத்துச் சுவரில் காதுச் சின்னமும் பக்கத்தில் ‘டி’ எழுத்தும் இருந்ததை மாதக்கணக்காகப் பார்த்தும் நான் யோசிக்கவில்லை. கூடத்தைச் சுற்றி ஓடும் கம்பியில் ஒலி காந்தப்புலமாகிறது. காதுக்கருவியிலுள்ள சிறு சுருள் அதை நேராகப் பெறுகிறது. அறையின் இரைச்சல் நடுவில் வராது. மிக்ஸரிலிருந்து கூடத்தின் ஆம்ப்ளிஃபயருக்கு ஒரு கேபிள் போட்டதும் லூப்புக்கும் ஒலி போனது. அம்மாவின் கருவியை ‘டி’க்கு மாற்றினோம். அன்று கேள்வி நேரத்தில் முதலில் கை தூக்கியவர் அவர்தான்.

பணம் குறைவென்றால் முதலில் மைக்கும் ஸ்டாண்டும், பிறகு இன்டர்ஃபேஸ் அல்லது மிக்ஸர், கடைசியில் ஸ்பீக்கர் என்ற வரிசையில் வாங்குங்கள். எதை வாங்கினாலும் கூட்டத்துக்கு அரைமணி முன்னால் ஒருவரைக் கடைசி வரிசையில் உட்காரவைத்து, இன்னொருவரை அவர் வீட்டிலிருந்து ஜூமில் வரச்சொல்லிச் சோதியுங்கள். ஐந்து நிமிடம் பதிவுசெய்து ஹெட்ஃபோனில் கேளுங்கள்.

அந்த எழுத்தாளர் ஐயா வசந்தகாலத்தில் மறுபடி வந்தார். மைக்கை அவர் வாயருகில் சரிசெய்து வைத்தேன். இந்த முறை நாற்பது நிமிடம்தான் பேசினார், வேறு விஷயங்களை. அதில் ஒரு சொல்கூட விடுபடவில்லை. முதல் உரையில் ‘தெளிவில்லை’ என்று போட்ட இடங்கள் அப்படியேதான் இருக்கின்றன.