வாசலோடு நின்ற யூதர்கள்

ஜெர்மனித் தலைநகர் பெர்லினில் ஷோனபர்க் என்றொரு பகுதி. இட்லர் காலத்துக்கு முன் யூதர்கள் நிறைய வாழ்ந்த இடம். அங்கே விளக்குக் கம்பங்களில் 1993ஆம் ஆண்டு 80 பலகைகள் மாட்டினார்கள். ஒரு பக்கம் சாதாரணப் படம்; மறுபக்கம் யூதர்கள்மீது போட்ட சட்டம், தேதியோடு. மஞ்சள் அடையாளமிட்ட பெஞ்சில் மட்டுமே யூதர் உட்காரலாம். யூதர் வீட்டில் செல்லப்பிராணி வளர்க்கக் கூடாது. சேரியில் ஆண் நாய் வளர்க்கக் கூடாது என்ற கட்டுப்பாட்டைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது அப்படியொன்றும் அந்நியமாக இருக்காது.

அந்தச் சட்டங்களுக்குச் சில ஆண்டுகள் முன்பு, 1930 டிசம்பரில், இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். இன்றைய விருதுநகர் மாவட்டப் பகுதிகளும் அன்று அந்த மாவட்டத்தில்தான் இருந்தன. தங்கம், வெள்ளி அணியக் கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழே வேட்டி கட்டக் கூடாது, சட்டை போடக் கூடாது, கிராப் வெட்டக் கூடாது. பெண்கள் ரவிக்கை போடக் கூடாது, பூ வைக்கக் கூடாது. வீட்டில் மண்பாத்திரம் மட்டுமே புழங்கலாம். வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடிக்கக் கூடாது, செருப்பு போடக் கூடாது. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையர் ஹட்டன் இதைத் தம் நூலில் எழுதிவைத்திருக்கிறார். நம் தெருக்களில் இதைச் சொல்லும் பலகையை நான் பார்த்ததில்லை.

பெர்லினுக்குப் போக நமக்கு வசதியில்லை. தீபாவளிக்குப் பிறகு பட்டாசு ஆலைகள் அடைத்துக் கிடந்த நாட்களில், ஆலைத் தொழிலாளர் வீட்டுக் கல்லூரிப் பிள்ளைகள் பத்துப் பேரோடு கொச்சி மட்டாஞ்சேரியின் யூதத் தெருவுக்குப் போனேன்.

அரண்மனையை ஒட்டி நிற்கிற பரதேசி ஜெபாலயம் 1568இல் கட்டியது. வெளிநாடுகளிலிருந்து வந்த யூதர்களுடையது என்பதால் 'பரதேசி'. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனோம். சீனத்து நீலப்பூ ஓடுகள், பெல்ஜியம் கண்ணாடி விளக்குகள், 1760இன் மணிக்கூண்டு என்று வழிகாட்டி ஒவ்வொன்றாகக் காட்டினார். 1662இல் போர்த்துகீசியர் இடித்ததையும், டச்சுக்காரர் வந்த பின் மீண்டும் எழுந்ததையும் சொன்னார். கொச்சி ராஜாக்கள் யூதர்களைத் துன்புறுத்தியதே இல்லை என்றார் பெருமையாக. அது உண்மைதான்.

இன்னொன்றும் சொன்னார். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் பாஸ்கர ரவிவர்மன் என்ற சேர மன்னன், ஜோசப் ரப்பான் என்ற யூத வணிகருக்கு வட்டெழுத்தில் ஒரு செப்பேடு கொடுத்தான். அதில் உள்ள உரிமைகளில் பல்லக்கு உண்டு, பகல் விளக்கு உண்டு, குடையும் உண்டு. கடல் தாண்டி வந்த வணிகருக்குச் செம்பில் வெட்டிக் கொடுத்த குடை, மண்ணிலேயே பிறந்து அதில் உழைத்தவனுக்கு 1930இலும் இல்லை.

வெளியே வந்ததும் ஒரு பையன் தெருப் பெயரைப் படித்தான்: ஏ.பி. சேலம் சாலை. "நம்ம சேலமா அண்ணே?" எல்லோரும் சிரித்தோம். சேலம் ஒரு மனிதரின் பெயர். 1882இல் பிறந்த வழக்கறிஞர், காந்தியர், கொச்சி சட்டமன்ற உறுப்பினர். "அவர் உள்ளே எங்கே உட்காருவார்?" என்று வழிகாட்டியிடம் கேட்டேன். அவர் மறைக்கவில்லை. வாசல் முன்னறையைக் கைகாட்டினார்.

சேலத்தின் முன்னோர் யூதர்களிடம் அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றவர்கள். எபிரேயத்தில் அவர்களுக்கு 'விடுவிக்கப்பட்டவர்' என்றே பெயர். அதே மதம், அதே வேதம். ஆனால் 'வெள்ளை' யூதர்களோடு பெஞ்சில் உட்காரக் கூடாது. பெண் எடுக்க, கொடுக்கக் கூடாது. அவர்கள் கல்லறைத் தோட்டத்தில் புதைக்கவும் கூடாது. சேலம் முதலில் ஜெபாலயத்தைப் புறக்கணித்தார். பிறகு சத்தியாகிரகத்தை அதற்குள்ளேயே கொண்டுபோனார். 1930களின் நடுவில் தடைகள் பல தளர்ந்தன. 1935இல் நியூரம்பர்க் சட்டங்கள் ஜெர்மானிய யூதர்களின் குடியுரிமையைப் பறித்த அதே காலம் அது. மதுரை மீனாட்சி கோயிலுக்குள் கக்கன் உள்ளிட்ட தலித்துகள் நுழைந்தது 1939 ஜூலை 8. கலியாணத் தடை மட்டும் எளிதில் போகவில்லை. 1950இல் சேலத்தின் மகன் 'வெள்ளை' யூதப் பெண்ணை மணந்தபோது கலியாணத்தைப் பம்பாயில்தான் நடத்த வேண்டியிருந்தது.

"யூதருக்குள்ளயுமா?" என்றாள் ஒரு மாணவி. பதிலை இன்னொருத்தி சொன்னாள். "ஏன், நமக்குள்ள இல்லியா? எங்க தெருக் குழாய்ல உங்க தெருக்காரங்க தண்ணி பிடிக்க மாட்டாங்க. பலகை மாட்டுறதா இருந்தா அங்கயும் ஒண்ணு மாட்டணும்." அவள் அருந்ததியர் வீட்டுப் பெண். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. 2009இல் அருந்ததியருக்கு 3 சதவீத உள்ஒதுக்கீட்டுச் சட்டம் வந்தபோதும், பட்டியலினத்துக்குள் உள்வகைப்படுத்தலாம் என்று உச்ச நீதிமன்றம் 2024 ஆகஸ்ட் 1 அன்று சொன்னபோதும் நம் மேடைகளில் என்ன பேசினோம் என்பதை இந்தப் பத்தியின் வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஒரே ஊரில் நமக்குள்ளேயே இரண்டு சுடுகாடு இருப்பதைப் பற்றி அதே மேடைகளில் எவ்வளவு பேசினோம்?

போக நினைப்பவர்களுக்கு: மதுரை–குருவாயூர் விரைவு ரயில் விருதுநகர், சிவகாசி, இராஜபாளையம் வழியாகத்தான் எர்ணாகுளம் போகிறது. ஜெபாலயம் சனிக்கிழமை திறக்காது. வெள்ளி பிற்பகலும் அடைப்பு. அங்கிருந்து நடக்கிற தூரத்தில் 'கறுப்பு' யூதர்களின் கடவும்பாகம் ஜெபாலயம் இருக்கிறது. 2019 மழையில் அதன் முகப்பு இடிந்து விழுந்தது. நீங்களாகக் கேட்டால்தான் நடை அங்கே வரை நீளும்.