ஊசிக்கு முன் ஒரு கேள்வி
(பயண நலப் பயிற்சி எதற்காக?)





சென்ற மாதம் மருத்துவமனை ஞாயிறு ஆராதனையில் செய்தி கொடுக்க ஒரு கிராமச் சபைக்குச் சென்றிருந்தேன். ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது, ஒவ்வொரு அறுப்பிலும் தவறாமல் நமக்குக் காணிக்கை அனுப்பும் மூப்பர் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "ஐயா, கட்டில் வாங்கினோம் என்றால் புரிகிறது. எக்ஸ்ரே மிஷின் வாங்கினோம் என்றாலும் புரிகிறது. டாக்டரும் நர்சம்மாவும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வெளிநாட்டுப் பயணத்தைப் பற்றிப் படிப்பதற்கு எங்கள் காணிக்கை எதற்கு?"

நியாயமான கேள்வி. உங்களில் பலருக்கும் அது இருக்கும் என்பதால் இங்கே பதில் எழுதுகிறேன்.

நம்மிடம் வருபவர்கள்

பயண ஆலோசனை கேட்டு நம்மிடம் வருபவர்கள் நோயாளிகள் அல்ல. ஆப்பிரிக்காவுக்கு வேலைக்குப் போகும் வாலிபர், கப்பலில் வேலை பார்க்கிறவர், ஊழியத்திற்குப் புறப்படும் மிஷனெரிக் குடும்பம், மகன் வீட்டிற்குப் போகும் வயதான தாய், பரிசுத்த பூமிக்குச் செல்லும் சபையார் என்று பலர் வருகிறார்கள். அநேகருக்கு ஒரே எண்ணம்தான்: ஊசி போட்டால் சான்றிதழ், சான்றிதழ் கிடைத்தால் விசா. நாங்களும் நெடுநாள் அப்படித்தான் எண்ணியிருந்தோம்.

இவற்றில் மிகவும் கவனம் தேவைப்படுவது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. மஞ்சள் காய்ச்சல் வேறு, நாம் அறிந்த மஞ்சள் காமாலை வேறு. ஆப்பிரிக்காவின் பல நாடுகளிலும் தென் அமெரிக்காவிலும் கொசுவினால் பரவும் வைரஸ் நோய் இது. கடுமையானால் ஈரலும் சிறுநீரகமும் கெட்டு, இரத்தக் கசிவு உண்டாகும். வைரஸைக் கொல்லும் மருந்து கிடையாது. இந்தியாவில் இந்நோய் பரவியதில்லை. ஆனால் இதைப் பரப்பும் ஏடிஸ் கொசு, அதாவது டெங்குவைப் பரப்பும் அதே கொசு, நம் வீட்டுத் தொட்டியிலேயே இருக்கிறது. 2016இல் அங்கோலாவிலிருந்து சீனாவுக்குத் திரும்பிய 11 பேருக்கு இந்நோய் கண்டது. அங்கே அது பரவாதது தேவகிருபை. நோயுள்ள நாட்டிலிருந்து சான்றிதழ் இல்லாமல் வருபவரை நம் அரசு ஆறு நாள் வரை தனிமையில் வைப்பது இதனால்தான்.

தடுப்பூசியின் கதை

1828இல் மேற்கு ஆப்பிரிக்காவின் கோல்டு கோஸ்டு கரையில் பாசெல் மிஷன் ஊழியர் நால்வர் இறங்கினர். 1831 முடிவதற்குள் நால்வரும் மரித்துப்போயினர். 1832இல் மேலும் மூவர் சென்றனர். அவர்களில் ஒருவர் மருத்துவர். சில வாரங்களில் முதலில் மரித்தவர் அந்த மருத்துவர்தான். அக்காலத்தில் மலேரியா எது, மஞ்சள் காய்ச்சல் எது என்று பிரித்தறியவும் வழியில்லை.

ஏறக்குறைய நூறு ஆண்டுகள் கழித்து, 1927இல், அதே கோல்டு கோஸ்டில் அசிபி என்ற 28 வயது மனிதருக்குக் காய்ச்சல் கண்டது. அவருடைய இரத்தத்தை இந்தியக் குரங்கு இனம் ஒன்றில் செலுத்தியபோதுதான் நோய்க்கிருமி பிடிபட்டது. அசிபி பிழைத்துக்கொண்டார். அந்த ஆராய்ச்சியில் ஈடுபட்ட ஏட்ரியன் ஸ்டோக்ஸ் என்ற மருத்துவரோ அதே ஆண்டில் அதே நோயினால் மரித்தார். அசிபியின் இரத்தத்தில் இருந்த வைரஸை ஆய்வுக்கூடத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட முறை வளர்த்து வளர்த்து, அதன் வீரியத்தைக் குறைத்து, 1937இல் மாக்ஸ் தைலர் குழுவினர் தடுப்பூசியாக்கினர். அதற்காக 1951இல் தைலருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்றும் உலகெங்கும் போடப்படுவது அந்த ஊசியின் வழிவந்ததே. 2016 ஜூலை முதல், ஒருமுறை போட்டுக்கொண்டால் சான்றிதழ் ஆயுள் முழுவதும் செல்லும்.

எங்கே ஆபத்து?

இது உயிருள்ள வைரஸைக் கொண்ட தடுப்பூசி. பெரும்பாலோருக்கு ஒரு தீங்கும் இல்லை. மிக மிக அரிதாக, வீரியம் குறைந்த அந்த வைரஸே உடலில் பெருகி, நோயைப் போலவே உறுப்புகளைக் கெடுத்துவிடும். அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு இந்த ஆபத்து கூடுதல்.

பிரிட்டனில் நேர்ந்த ஒன்றை எங்கள் பயிற்சியில் விவரமாகக் கற்பித்தார்கள். இத்தடுப்பூசி போட்டபின் நேர்ந்த இரண்டு மரணங்களைப் பற்றி அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2019 நவம்பரில் மருத்துவர்களுக்கு அறிவித்தது. ஒருவருக்கு வயது 67. மற்றவருக்கு மார்பெலும்பின் பின்னால் உள்ள தைமஸ் என்னும் சுரப்பி, கட்டியின் காரணமாக முன்பே அகற்றப்பட்டிருந்தது. தைமஸ் அகற்றப்பட்டவர்களுக்கும், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து உண்பவர்களுக்கும் இந்த ஊசி கூடாது என்றும், அறுபதைத் தாண்டியவர்களுக்குத் தவிர்க்கமுடியாத ஆபத்து இருந்தால் மாத்திரமே போடவேண்டும் என்றும் அப்போது உறுதியாக்கினர். ஊசிக்கு முன் கேட்கவேண்டிய கேள்விகள் ஒரே பட்டியலாக வந்தன. அந்நாட்டு மையங்களில் இவ்வூசி போடுவோர் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பயிற்சியைப் புதுப்பிக்கவேண்டும். அதை இணையவழியாகவே செய்யலாம்.

நோயுற்றவருக்கு மருந்து கொடுக்கும்போது சிறிது ஆபத்தை ஏற்கிறோம். பயணியோ சுகமாக வந்தவர். அவரைச் சுகமாகவே திருப்பி அனுப்பும் கடமை நமக்கு இருமடங்கு.

எனக்கு நேர்ந்தது

இனி என் காரியத்தைச் சொல்லுகிறேன். கோல்டு கோஸ்டுதான் இன்றைய கானா. அந்நாட்டுச் சபை ஒன்றிலிருந்து எங்களில் ஐவருக்கு மூன்று வார ஊழிய அழைப்பு வந்தது. கானாவுக்குள் நுழைய மஞ்சள் காய்ச்சல் சான்றிதழ் கட்டாயம். நம் மருத்துவமனையில் இந்த ஊசி போடுவதில்லை. கிண்டி கிங் நிறுவனம், சென்னைத் துறைமுகச் சுகாதார அலுவலகம் போன்ற அரசு அங்கீகாரம் பெற்ற மையங்களில்தான் போடுவார்கள். புறப்படுமுன் நம் பயண ஆலோசனைப் பிரிவில் காட்டிவிட்டுப் போகலாம் என்று சென்றேன். பத்து நிமிட வேலை என்று எண்ணினேன்.

பயிற்சி முடித்திருந்த நர்ஸ் சகோதரி பட்டியலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். முட்டை ஒத்துக்கொள்ளுமா? மார்பில் ஆபரேஷன் நடந்ததுண்டா? "தினமும் என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் ஐயா?" "பிரஷருக்கு ஒன்று, அவ்வளவுதான் அம்மா." அவர் அடுத்த வரிக்குப் போகாமல் என்னைப் பார்த்து, "வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் போடுகிற மாத்திரை ஏதாவது உண்டா?" என்றார்.

உண்டு. கை மூட்டுகளின் வீக்கத்திற்காக நான்கு ஆண்டுகளாக ஒவ்வொரு ஞாயிறு இரவும் மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுகிறேன். தினமும் இல்லாததால் அது என் நினைவிலேயே இல்லை. மூட்டுவலி மாத்திரை என்று நான் சொல்லிக்கொண்டிருந்தது எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து. என் வயதோ அறுபதுக்கு மேல்.

மருத்துவர் ஐயா எனக்காக நேரம் எடுத்து விளக்கினார். ஊசி கூடாது. விலக்குக் கடிதம் தரலாம், ஆனால் கடிதம் கொசுவைத் தடுக்காது. திரும்பி வரும்போது தனிமையில் இருக்கவும் நேரிடலாம். எனக்குக் கோபமே வந்தது என்பதை மறைக்கவில்லை. பெட்டிகூட வாங்கியாயிற்று. இரண்டு நாள் அந்தச் சகோதரியிடம் சரியாகப் பேசவில்லை. பிற்பாடு பவுல் அப்போஸ்தலனை நினைத்தேன். அவர்கூடத் தம் உடன் ஊழியனாகிய துரோப்பீமுவை வியாதியினிமித்தம் மிலேத்துவில் விட்டுவிட்டுத்தான் போனார். என் இடத்தில் ஓர் இளம் போதகர் சென்று, நல்லபடியாக ஊழியம் முடித்துத் திரும்பினார்.

பயிற்சியில் கற்பது என்ன?

எந்த நாட்டிற்கு எந்த ஊசி என்பது பயிற்சியின் ஒரு பகுதிதான். எஞ்சியது பொறுப்பைப் பற்றியது. போகலாம், கூடாது என்று யார் தீர்மானிப்பது, யார் கையெழுத்திடுவது? மருந்தின் தொகுதி எண்ணை எங்கே பதிவது? தடுப்பூசிப் பெட்டியின் வெப்பம் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கிறதா என்று நாள்தோறும் குறிப்பது யார்? ஊசிக்குப்பின் தீங்கு நேர்ந்தால் மறைக்காமல் யாருக்கு அறிவிப்பது? மலேரியா மாத்திரையை ஊர் திரும்பிய பின்னும் மருந்துக்குத் தக்கபடி ஒரு வாரமோ நான்கு வாரமோ தொடரவேண்டும் என்று சொல்லி அனுப்பினோமா? காய்ச்சலோடு வருபவரிடம், "அண்மையில் எங்கே போயிருந்தீர்கள்?" என்று கேட்கிறோமா? ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் ஒரு பயணியின் விவரத்தைக் கொடுத்துப் பரீட்சை வைக்கிறார்கள். வாரம் ஒருமுறை மாத்திரை பற்றிய கேள்வியை அந்தச் சகோதரி அப்படி ஒரு பரீட்சையில் தவறவிட்டுத்தான் கற்றுக்கொண்டாராம்.

இணையவழிப் பாடம் என்பதால் எவரும் வார்டைவிட்டு நகரத்திற்குப் போகவேண்டியதில்லை. இரவு ட்யூட்டி முடிந்தபின்னும் படிக்கலாம். ஆனாலும் கட்டணம் உண்டு, கணினி வேண்டும், அவர் படிக்கும் நேரத்தில் அவருடைய வார்டைப் பார்க்க வேறொருவர் வேண்டும். உங்கள் காணிக்கை போனது இவற்றிற்கே.

மூப்பர் ஐயா, உங்களுக்கு என் பதில் இதுதான். உங்கள் நெல் விற்ற பணம் இம்முறை கட்டிலாகவில்லை. ஒரு கேள்வியாயிற்று. அந்தக் கேள்வி கேட்கப்பட்டதால் நான் அடுத்த அறுப்பின் பண்டிகைக்கும் உங்கள் சபைக்கு வருவேன், கர்த்தருக்குச் சித்தமானால்.

ஜெபக் குறிப்புகள்: பயிற்சி முடித்த மருத்துவருக்காகவும் நர்ஸ் சகோதரிக்காகவும் கர்த்தரை ஸ்தோத்திரிப்போம். அடுத்துப் படிக்க ஆயத்தமாகும் நர்சுகளுக்காகவும், தூர தேசங்களில் ஊழியம் செய்யும் நம் மிஷனெரிக் குடும்பங்களின் சுகத்துக்காகவும் மன்றாடுங்கள். நீங்கள் பயணம் போவதானால் குறைந்தது ஆறு வாரத்திற்கு முன்பே வாருங்கள். வரும்போது வீட்டிலுள்ள எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள்.

கிறிஸ்துவின் பணியில் உங்கள்,
மருத்துவமனைப் போதகர்